யாருக்கு எது அழகு? புதுவையிலும் கடலூரிலும் துணை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் பேசி பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள், ஜிப்மரில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவர், காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்கள், நெய்வேலி டவுன்ஷிப்பில் பல மொழி வீடுகள், 1968-இல் தொடங்கிய ஆரோவில். இந்த வட்டாரத்தில் வரன் பார்க்கிறவர்களும் சரி, தாமாகவே ஒருவரை விரும்பிவிட்டவர்களும் சரி, பழக்கம் வேறான ஒரு குடும்பத்தை எப்போதாவது எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். அப்போது எழும் கேள்விகளும் பதில்களும் இவை.

அழகு எல்லா ஊரிலும் ஒன்றுதானா?

பாதி ஒன்று, பாதி வேறு. இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவது டேவிட் பஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வை. 33 நாடுகள், 37 குழுக்கள், 10,047 பேர். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஆண்கள் தோற்றத்துக்கும் இளமைக்கும் பெண்களைவிடக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். பெண்கள் வருமான வாய்ப்புக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். ஆனால் இரு பாலாரும் பட்டியலின் தலைமாட்டில் வைத்தவை இவை அல்ல. ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள அன்பு, நம்பத்தக்க குணம், மனமுதிர்ச்சி, இனிய சுபாவம் ஆகியவைதான் மேலே நின்றன. 2020-இல் 45 நாடுகளில் 14,399 பேரிடம் மறுபடி கேட்டபோதும் ஆண் பெண் வேறுபாடு பெரும்பாலும் அப்படியேதான் வந்தது.

பெரிதாக மாறியது ஒன்று உண்டு. திருமணத்துக்கு முன் உறவு இருந்திருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு. இந்தியா, சீனா, இந்தோனேசியா, ஈரான் ஆகிய நாடுகளில் அதற்கு மிக உயர்ந்த மதிப்பு. ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகியவற்றில் அது ஒரு பொருட்டே இல்லை. 37 குழுக்களுக்கும் இடையே இவ்வளவு அகலமான இடைவெளி வேறு எதிலும் இல்லை. புதுவையில் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் பிரான்சில் வளர்ந்த பிள்ளைக்கும் சம்பந்தம் பேசும்போது யாரும் வாய் திறந்து கேட்காத, பிறகு வெடிக்கிற விஷயமும் இதுவே. கேட்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். கேட்காமல் விட்டால் எதிராளிக்கும் நம்முடைய எண்ணம்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஆய்வில் கிராமத்தவரும் அதிகம் படிக்காதவர்களும் குறைவு. பண்ருட்டிப் பக்கத்து பலாத் தோப்புக்காரர் வீட்டுக்கு அந்த எண்களை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த முடியாது.

‘இப்படித்தான் வேண்டும்’ என்று எழுதுவதும் மனசு போவதும் ஒன்றா?

இல்லை. அமெரிக்காவில் ஒரே மாலையில் பலரைச் சில நிமிடம் சில நிமிடமாகச் சந்திக்கும் நிகழ்வுகளை வைத்து 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. முன்கூட்டி ‘எனக்கு அழகு முக்கியம்’, ‘எனக்குச் சம்பாத்தியம் முக்கியம்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள், நேரில் பார்த்தபோது யாரை விரும்பினார்கள் என்பதை அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியவில்லை. எழுதியது ஒன்று, பிடித்தது வேறு. மேட்ரிமோனி தளத்தில் பத்து வடிகட்டி போட்டு ‘ஒன்றுமே அமையவில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் உயரம், நிறம், வருமானம் மூன்றிலும் வடிகட்டியைத் தளர்த்திப் பார்க்கலாம். வயதையும் ஊரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காதல் இல்லாமல் கல்யாணம் செய்வது நம்மிடம் மட்டும்தானா?

1995-இல் 11 நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ‘நீங்கள் விரும்பும் மற்ற எல்லாக் குணமும் இருக்கிறது, காதல் மட்டும் இல்லை, அவரை மணப்பீர்களா?’ இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பாதிப் பேர் அளவுக்கு ‘ஆம்’. அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இதைக் காதலுக்கு நாம் மதிப்பில்லாதவர்கள் என்று படிக்கக் கூடாது. கட்டிய பிறகு வரும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், வந்த பிறகுதான் கட்ட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ‘எங்க அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் பார்த்துக்கிட்டாங்க’ என்று பெருமையாகச் சொன்னால் அவர் முகம் மாறும். அவர் காதில் அது வற்புறுத்தலாக விழுகிறது. இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிவப்புத் தோல் மோகம் எல்லா நாட்டிலும் உண்டா?

இல்லை. ஐரோப்பாவில் கோடைக்குக் கடற்கரையில் படுத்துத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்வது விடுமுறைக்கு வசதி இருக்கிறது என்பதன் அடையாளம். இங்கே வெயில் படாத தோல், வயலில் நிற்காத குடும்பம் என்பதன் அடையாளம். இரண்டிலும் பேசுவது அந்தஸ்துதான். கொரியா, ஜப்பான், சீனாவிலும் வெண்மைக்கு மவுசு உண்டு. அது வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இருந்தது.

தமிழில் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சங்கப் பாட்டில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிர் நிறம். பிரிவில் அந்த மாமை கெட்டுப் பசலை படர்வதுதான் துயரம். அதாவது நிறம் வெளுப்பதுதான் நோய். இன்று அதே நிறத்துப் பெண்ணின் பயோடேட்டாவில் ‘மாநிறம்’ என்று தயங்கித் தயங்கி எழுதுகிறார்கள். எங்கள் கருத்து, நிறம் என்ற வரியையே எழுத வேண்டாம். போட்டோ இருக்கும்போது அந்த வரி எதற்கு? 2020-இல் பெரிய மேட்ரிமோனி தளம் ஒன்று நிற வடிகட்டியை எடுத்தது. அதே ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. வீடுகளில் கேள்வி மட்டும் மாறவில்லை.

கல்யாணம் நிச்சயம் ஆனதும் மெடிக்கலில் ‘நல்லா வெளுக்கிற க்ரீம்’ வாங்குகிறார்கள். அதில் என்ன ஆபத்து?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பத்திரிகை அடித்துக் கூப்பிடும் நேரத்தில் இதனால் முகம் கெடுபவர்கள் ஏராளம். சீட்டு இல்லாமல் வாங்கும் ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று ட்யூபின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் சேர்ந்த கலவையும் உண்டு. அது மங்குக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் மருத்துவர் எழுதித் தரும் மருந்து, தினமும் பூசும் அழகு க்ரீம் இல்லை.

ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் முகம் வெளுத்து மழமழவென்று தெரியும். ‘வேலை செய்யுது’ என்ற நம்பிக்கை அங்கேதான் வருகிறது. தொடர்ந்தால் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நூல்போல் ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இப்படித்தான் விடாமல் பிடித்துக்கொள்கிறது. 2018-லிருந்து இந்த ட்யூப்கள் மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டியவை. பெயர் தெரியாத இறக்குமதி க்ரீம் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏற்கெனவே மாதக் கணக்கில் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போகவும். முகூர்த்தத்துக்கு நாள் இருந்தால் தேவைப்படுவது சன்ஸ்கிரீன்தான். எஸ்பிஎஃப் 30 அல்லது மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், வெளியே போக 15 நிமிடம் முன்னால், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பட்டாணி அளவு பூசிவிட்டுப் பலனில்லை என்பார்கள். அந்த அளவுக்குப் பலன் இருக்காது. புதிய ஃபேஷியல் எதையும் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் முதன்முறையாகச் செய்யாதீர்கள்.

ஒல்லியா, பூசினாற்போலவா?

உணவு எளிதில் கிடைக்காத, நோய் மிகுந்த இடங்களில் கொஞ்சம் சதைப்பிடிப்பு ஆரோக்கியத்தின் அடையாளம். தென்னாப்பிரிக்காவின் கிராமப்புற ஜூலு மக்களையும் பிரிட்டன்காரர்களையும் ஒப்பிட்ட 2006 ஆய்வில், ஜூலு மக்கள் பருமனான உடலை அழகென்றார்கள். சுவாரசியம் அதற்கு அடுத்தது. பிரிட்டனுக்குக் குடியேறிய ஜூலு மக்களின் விருப்பம் பிரிட்டன் பக்கம் நகர்ந்திருந்தது. ரசனை ரத்தத்தில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. நம் பக்கத்திலும் பாட்டி ‘என்னடி இப்படி இளைச்சிட்ட’ என்பதும் பேத்தி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதும் இதே நகர்வுதான்.

உயரம்?

மேலை நாடுகளிலும் இங்கும் ஆண் உயரமாக இருக்க வேண்டும். தான்சானியாவின் வேட்டைச் சமூகமான ஹட்ஸா மக்களிடம் மனைவி உயரமாக உள்ள ஜோடிகள், யாரும் உயரத்தைப் பார்க்காமல் இணைந்தால் எத்தனை இருக்குமோ அத்தனை இருந்தன. உலகப் பொதுவிதி என்று நாம் நினைப்பது விதியில்லை. போட்டோவில் குதிகால் செருப்போடு எடுத்துவிட்டு நேரில் இரண்டு அங்குலம் குறைவதுதான் இங்கே நடக்கும் சிக்கல்; உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுதுங்கள்.

தெத்துப்பல், பல் இடைவெளி எல்லாம் குறையா?

ஜப்பானில் தெத்துப்பல் பெண்ணுக்குக் குழந்தைத்தனமான அழகு தரும் என்ற எண்ணம் உண்டு. செயற்கையாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பிரான்சில் ‘அதிர்ஷ்டப் பல்’ என்பார்கள். நைஜீரியா, கானா பக்கம் அது அழகின் குறி. நம் ஊரில் தெத்துப்பல்லுக்கு ரசிகர்கள் என்றும் உண்டு, ஆனாலும் நிச்சயதார்த்தம் பேசியதும் கிளிப் மாட்டச் சொல்வார்கள். வளர்ந்தவர்களுக்குப் பல் சீரமைப்பு பொதுவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் கிளிப் போட்டால் தாலி கட்டும் போட்டோவில் கம்பிதான் தெரியும்.

‘பிரெஞ்சு நேஷனாலிட்டி’ வரன் என்றால் ஏன் இவ்வளவு கிராக்கி?

இது புதுச்சேரிக்கே உரிய அழகு. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்திய பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இவர்கள்தான் ‘நேஷனாலிட்டி’ வீடுகள். மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அந்த பாஸ்போர்ட் இருந்தால் நிறம், வயது, படிப்பு எல்லாம் கொஞ்சம் பின்னே போகும். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை. சீனாவில் வீடு கார் பார்க்கிறார்கள், இங்கே பாஸ்போர்ட் பார்க்கிறார்கள்.

பிரச்சினை கணக்குத் தப்பாகப் போடுவதில் வருகிறது. தாலி ஏறியதும் பாஸ்போர்ட் வராது. பிரெஞ்சுக் குடிமகன் இந்தியாவில் மணக்கும் முன் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்காக அறிவிப்பு ஒட்டுவார்கள், இருவரையும் தனித்தனியாகப் பேட்டி எடுக்கவும் செய்யலாம். கல்யாணத்துக்குப் பின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 4 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், பிரெஞ்சு மொழியும் வேண்டும். கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ‘நேஷனாலிட்டிக்கு இவ்வளவு’ என்று ரொக்கம் பேசுவது 1961-இன் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம், பாஸ்போர்ட் எந்த நாட்டினதாக இருந்தாலும். கடலூர்க் கிராமங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் பரிசம் இருந்த இடத்தில் பணம் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கியதை ‘எங்கள் வழக்கம்’ என்று சொல்வது வரலாறும் ஆகாது.

ஒரு பிரெஞ்சுக்காரரோடு பழகும்போது எங்கே இடறுகிறது?

பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். அவர்களுக்கு நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதை. நம் வீட்டில் பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை. அவர் உங்களைப் பார்த்தபடியே கேட்பதை விருப்பம் என்று நினைத்துவிடுவதும், நீங்கள் பார்வையைத் தாழ்த்துவதை அவர் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். அறிமுகத்தில் கன்னத்தோடு கன்னம் ஒட்டி முத்தச் சத்தம் எழுப்புவது அங்கே வணக்கம்; காதல் குறிப்பு இல்லை. வேண்டாமென்றால் அவர் குனிவதற்கு முன்பே கைகூப்பி விடுங்கள் அல்லது கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உதட்டு முத்தம்கூட உலகப் பொது இல்லை. 168 சமூகங்களை ஆராய்ந்த 2015 ஆய்வில் காதல் முத்தம் இருந்தது 46 சதவீதத்தில்தான்.

வாதம் செய்வது அங்கே ஈர்ப்பின் ஒரு பகுதி. சாப்பாட்டு மேசையில் ‘நீ சொல்வது சரியில்லை’ என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், பிறகு சிரித்துக்கொண்டே காபி குடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்று தலையாட்டினால் நம் வீட்டில் அடக்கம் என்பார்கள், அவர் வீட்டில் ‘இவருக்கென்று கருத்தே இல்லையா’ என்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது இதற்கு நேர் எதிர்; நமக்கு அது முதல் கேள்வி, அவர்களுக்கு அது நாகரிகக் குறைவு.

சேர்ந்து வாழ்ந்து பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்வது அங்கே சாதாரணம். 1999 முதல் பிரான்சில் திருமணம் இல்லாமல் பதிவு செய்துகொள்ளும் ‘பாக்ஸ்’ என்ற ஒப்பந்தமும் உண்டு. ‘நாங்கள் ஜோடி’ என்று அவர் சொன்னால் கல்யாண வாக்குறுதி என்று பொருளில்லை. ‘கல்யாணம் எப்போது’ என்று நீங்கள் கேட்டதும் அவர் தயங்கினால் தப்பி ஓடுகிறார் என்றும் பொருளில்லை. மூன்று நேரடிக் கேள்விகள் போதும்: பதிவுத் திருமணம் செய்ய எண்ணம் உண்டா, எந்த நாட்டில் வாழ்வது, வயதான பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது. மூன்றாவதற்குத்தான் இழுபறி அதிகம்.

முதல் சந்திப்புக்கு எங்கே போகலாம்?

கடற்கரைச் சாலை மாலை 6 மணிக்கு மேல் வண்டி நுழையாது, நடக்க வசதி, ஆள் நடமாட்டம் உண்டு. பாரதி பூங்காவும் பரவாயில்லை. கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் என்பார்கள். ஞாயிறு மாலை அங்கே பாதி உறவுக்காரர்களைப் பார்த்துவிடலாம், அதற்குத் துணிந்தால் போங்கள். ஐரோப்பியரானால் அவரவர் பில்லை அவரவர் கொடுப்பது சாதாரணம். அதைக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வட இந்தியக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசுகிறோம். எதில் கவனம்?

‘எங்கள் அக்கா மாமாவைத்தான் கட்டியிருக்கிறாள்’ என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பக்கம் மூச்சு நின்றுவிடும். நமக்கு மாமன் மகளும் அத்தை மகனும் முறை, உரிமையோடு கேட்கலாம். அவர்களில் பெரும்பாலான சமூகங்களில் இவர்கள் உடன்பிறந்தார் போல. இந்து திருமணச் சட்டத்தின்படியே தந்தை வழியில் ஐந்து தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறைக்குள் மணம் கூடாது. வழக்கம் அனுமதிக்கும் சமூகங்களுக்கு மட்டும் விலக்கு. நம் வழக்கம் அந்த விலக்கின் கீழ் நிற்கிறது. ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் கோத்திரம் மட்டும் பார்க்காமல் தாய், பாட்டி கோத்திரத்தையும் தவிர்ப்பவர்கள் உண்டு. பிரான்சில் இன்னொரு விதம்: ஒன்றுவிட்ட சகோதர முறை மணம் சட்டப்படி செல்லும், தாய்மாமன் அக்கா மகள் மணம் செல்லாது. ஆக முறைப்பெண் என்ற ஈர்ப்பே ஊர் எல்லை தாண்டினால் விலக்காகிவிடுகிறது. ஆகவே உறவுமுறை மணம் உங்கள் வீட்டில் இருந்தால் முதல் பேச்சிலேயே விளக்கிவிடுங்கள், கல்யாண மண்டபத்தில் தெரிய வேண்டாம்.

மற்றவை சிறியவை. தலை நிறைய மல்லிகை வைப்பது இங்கே லட்சணம். வடக்கே பல இடங்களில் அன்றாடப் பழக்கமில்லை. தேங்காய் எண்ணெய் வாசம் சிலருக்கு வீட்டு நினைவு, சிலருக்குத் தலைவலி. உச்சி வகிட்டில் குங்குமமா தாலியா மெட்டியா என்பதைக் கல்யாணத்துக்கு முன் இரு அம்மாக்களும் பேசி முடிக்கட்டும். கருவாட்டுக் குழம்பு வாசனைக்குப் பழகாத மருமகளோ மருமகனோ வரப்போகிறார் என்றால் அதையும் மறைக்காதீர்கள். கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு மறைக்கவும் முடியாது.

சம்பளம், அரசு வேலை இவற்றைப் பார்ப்பது பேராசையா?

பெண்ணுக்குச் சம்பாதிக்க வழி குறைந்த இடங்களில் பெண் வீட்டார் வருமானம் பார்ப்பது பிழைப்பின் கணக்கு. முதலில் சொன்ன டேவிட் பஸ் ஆய்வின் அதே எண்களை 1999-இல் மறுபடி ஆராய்ந்த இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த வேறுபாடு குறைவதைக் காட்டினார்கள். 2020 ஆய்வில் சமத்துவம் கூடக் கூட வயது இடைவெளியும் குறைந்தது. சாதிக்கு இந்த மாதிரித் தளர்வு வருவதில்லை. கொல்கத்தாப் பத்திரிகை மணவிளம்பரங்களை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், சாதி விட்டுப் போகாமல் இருக்கப் பெண் வீட்டார் படிப்பே இல்லாதவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் உள்ள அளவு வித்தியாசத்தைக்கூட விட்டுக்கொடுப்பார்கள் என்று தெரிந்தது.

பத்துப் பொருத்தம் பார்த்தால் போதாதா?

தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று இன்று பார்க்கும் பத்தும் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்தவை. ஜப்பானிலும் கொரியாவிலும் ரத்த வகையை வைத்துக் குணம் சொல்வார்கள். கேட்பதற்கு நமக்கு வேடிக்கை, நம்முடையது அவர்களுக்கு வேடிக்கை.

தமிழில் இன்னொரு பத்தும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்லும் ஒப்பு: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. இருவருக்கும் இவை ஒத்திருக்க வேண்டும். உருவும் வயதும் உண்டு, செல்வம் கடைசியில் நிற்கிறது, இருவர் விருப்பமும் ஒத்திருக்க வேண்டும் என்பதும் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு அடுத்த நூற்பா இருக்கக் கூடாதவற்றைச் சொல்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியப்பது, புறம்பேசுவது, கடுஞ்சொல், சோம்பல், மறதி இவற்றோடு ‘குடிமை இன்புறல்’, அதாவது தன் குலப்பெருமையில் மகிழ்வதும், துணையை வேறு ஒருவரோடு ஒப்பிடுவதும் வேண்டாதவை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘எங்க குடும்பம் எப்பேர்ப்பட்டது தெரியுமா’ என்று ஆரம்பிக்கும் பெரியவருக்கு இதை யாராவது படித்துக் காட்டலாம்.

பயோடேட்டாவில் என்ன எழுதினால் சரியானவர் வருவார்?

ஒரே பக்கம். ‘குடும்பப் பாங்கான’, ‘நல்ல குணமுள்ள’ போன்ற சொற்களை நீக்குங்கள். எல்லோரும் எழுதுவதால் அவை எதையும் சொல்வதில்லை. பதிலாக அன்றாடத்தை எழுதுங்கள்: சைவமா அசைவமா, வேலை நேரம், ஷிஃப்ட் உண்டா, கல்யாணத்துக்குப் பின் எந்த ஊர், பெற்றோர் கூட இருப்பார்களா, கடன் உண்டா. படம் இரண்டு, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, ஃபில்டர் இல்லாமல், ஒன்று முழு உருவம். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு அனுப்புவதானால் நட்சத்திரம், பாதம், சொத்து விவரத்தை எடுத்துவிட்டு, என்ன செய்யப் பிடிக்கும் என்பதை இரண்டு வரி சேருங்கள்.

தனியாகப் பேசப் பதினைந்து நிமிஷம்தான் தருகிறார்கள். என்ன கேட்பது?

‘உங்களுக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் ‘மியூசிக், டிராவல்’ என்று வரும், நேரம் போய்விடும். நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது? வீட்டில் கடைசியாக எதற்குச் சண்டை, யார் முதலில் பேசினீர்கள்? சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது? கடைசியாக ஒன்று: ‘இந்தக் கல்யாணத்துக்கு உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?’ பதிலைவிட அதற்கு முந்தைய மௌனத்தைக் கவனியுங்கள். இடையில் அத்தை காபியோடு வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டுத் தொடருங்கள்.

மதமோ நாடோ வேறு. சட்டப்படி எப்படி?

1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் குடியிருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 30 நாள் ஒட்டப்பட்டிருக்கும். சட்டப்படி செல்லும் ஆட்சேபம் இல்லாவிட்டால் மூன்று சாட்சிகளோடு பதிவு. நோட்டீஸ் கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பலர் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில்: முகவரிச் சான்று பழைய ஊரில் இருப்பது, திருவந்திபுரம் மலையில் முகூர்த்தம் குறித்துவிட்டு நோட்டீஸை அதற்கு மூன்று வாரம் முன்னால் கொடுப்பது. நோட்டீஸை முதலில் கொடுத்துவிட்டு நாள் குறியுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பழக்கமான லண்டன் டாக்டர் பரிசு அனுப்பியிருக்கிறாராம்...

பரிசு கிடையாது, டாக்டரும் கிடையாது. வெள்ளைத் தோல், வெளிநாட்டு வேலை, மனைவியை இழந்தவர், ஒரே வாரத்தில் கல்யாணப் பேச்சு. நமக்கு எது கவர்ச்சி என்று தெரிந்துகொண்டுதான் கதை கட்டுகிறார்கள். அடுத்து ‘டில்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸிலிருந்து’ போன் வரும், பார்சலை விடுவிக்க முதலில் சில ஆயிரம், பிறகு லட்சம் கேட்பார்கள். சுங்கத்துறை தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்காது. வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், வலது கையால் இடது காதைத் தொடச் சொல்லுங்கள்; படத்தை கூகுளில் போட்டுத் தேடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் முடக்க வழியுண்டு. பரிவர்த்தனை எண், அனுப்பிய கணக்கு எண், சாட் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள்.